பட்டுப்புடவை கட்டிய டைனமோ

புதன்கிழமை காலை பத்தேகால் மணி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், குடை ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் 'பேகம் துப்பறியும் நிலைய'த்துக்குள் கதவைத் தட்டாமல் ஒருவர் நுழைந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், வெள்ளை கேன்வாஸ் ஷூ. விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் மட்டும் கறுப்பு கிரீஸ்.

"என் டைனமோவைக் காணோம்" என்றார்.

உதவியாளன் இருசப்பன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சைக்கிள எந்த ஸ்டாண்டுல வுட்டீங்க சார்?"

"சைக்கிள் டைனமோ இல்லப்பா. கப்பல் டைனமோ."

"அப்ப ஸ்டாண்டு கடலூர்லதான் இருக்கும்."

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மெஹ்ராஜ் பேகம் பேனாவால் மேசையை ஒரு தட்டு தட்டினார். இருசப்பன் வாயை மூடிக்கொண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

பேகம் பதினெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவர். எதிரில் இருப்பவர் பொய் சொல்லப் போகிறார் என்பது அவர் மூச்சை இழுக்கும்போதே பேகத்துக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு திறமையை நம்பி, நாற்பத்தாறாவது வயதில் வேலையை விட்டுவிட்டு இந்த நிலையத்தைத் தொடங்கினார். இருசப்பன் ஆறு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். முதலாளியின் மைத்துனருக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்த குற்றத்துக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவன்.

வந்தவர் பெயர் காசிநாதன். சொந்த ஊர் திருநாவலூர். முப்பத்திரண்டு வருஷம் சரக்குக் கப்பல்களின் இன்ஜின் அறையில் வெந்து, செகண்ட் இன்ஜினியராக ரிட்டையர் ஆகி, கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டுப் பக்கம் வீடு கட்டிக்கொண்டவர். அவர் சொன்ன கதையை இருசப்பன் குறித்துக்கொண்டான். நடுவில் இரண்டு முறை பென்சிலைச் சீவ வேண்டியிருந்தது.

அந்தக் காலத்து நீராவிக் கப்பல்களில் விளக்கு எரிவதற்கென்று தனியாக ஒரு சின்ன நீராவி இன்ஜினும், அதோடு ஜோடி சேர்த்த ஒரு டைனமோவும் இருக்கும். இன்ஜின் சுற்ற, டைனமோ சுற்ற, கப்பல் முழுக்க பல்பு எரியும். 1894-ல் செய்த அப்படி ஒரு ஜோடி, கடலூரில் உடைத்த கப்பல் ஒன்றிலிருந்து கரையேறி, ஒரு அரிசி மில் முதலாளியிடம் போய், மில் மூடியதும் திக்குக்கு ஒன்றாகச் சிதறிவிட்டது. நாலு வருஷத்துக்கு முன் காசிநாதன் ஒரு கல்யாணத்துக்கு மூங்கில்துறைப்பட்டு போனபோது, ஒரு கரும்புத் தோட்டத்தில் மாடு கட்டுகிற முளையாக அந்த இன்ஜின் நிற்பதைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் போகவில்லை. மாட்டை அவிழ்த்து வேறு மரத்தில் கட்டிவிட்டு இன்ஜினைக் கொண்டு வந்துவிட்டார். இன்ஜினின் ஃப்ளைவீல் சக்கரம் ஒரு கிணற்றுக்கு மூடியாக இருந்தது. டைனமோ கிடைக்கத்தான் இரண்டு வருஷம் ஆனது. திருநாவலூரில் ஒரு சலூன் வாசலில், முறைக்குக் காத்திருப்பவர்கள் உட்காரும் ஆசனமாக, நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டு இருந்தது. அவரே அதன்மேல் மூன்று முறை உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறார்.

எல்லாவற்றையும் கழற்றி, துரு எடுத்து, தேய்ந்ததைக் கடைந்து, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, பாய்லரும் வைத்துப் பூட்டிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து பழைய கப்பல்காரர்கள் ஆறு பேர் வேனில் வருகிறார்கள், பல்பு எரிவதைப் பார்க்க. அவர்களில் மூத்தவர் தங்கதுரை. எண்பத்தொரு வயது. இளவயதில் இதே மாதிரி டைனமோவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு உலகத்தைச் சுற்றியவர். இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட முடியாது.

அவர்களை நேரில் அழைக்க காசிநாதன் திங்கட்கிழமை கடலூர் போனார். செவ்வாய் சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால், இன்ஜின் இருக்கிறது, பாய்லர் இருக்கிறது, நடுவில் டைனமோ இல்லை.

"நாலு பேரு சேந்தாதான் தூக்க முடியும்மா. காத்துல ஒண்ணும் போயிருக்காது" என்றார். மூச்சில் பொய் இல்லை.

பேகம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "காணாம போறதுக்கு முன்னாடி அது நல்லா ஓடிக்கினு இருந்துச்சா?"

காசிநாதன் மூச்சை இழுத்தார். "பிரமாதமா" என்றார்.

பேகம் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கொட்டகையில் டைனமோ இருந்த இடம் பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது. பக்கத்தில் பித்தளை வால்வுகள், செம்புக் குழாய்கள், எல்லாம் பளபளவென்று வைத்த இடத்தில் இருந்தன. காயலான் கடைக்காகத் திருடியவன் முதலில் அவற்றைத்தான் தொட்டிருப்பான். தரையில் ஒரு கிழிந்த சாக்கு. அதை விரித்து, அதன்மேல் வைத்துத்தான் டைனமோவை இழுத்திருக்கிறார்கள். சாக்கில் நீலப் பெயின்டில் 'தைலம்' என்று எழுதியிருந்தது. அதற்குப் பின்னால் இருந்த எழுத்துகள் கிழிசலோடு போய்விட்டன.

விசித்திரம் என்னவென்றால், டைனமோவைக் கழற்றிய போல்ட்டு நட்டுகளைத் திருடன் விட்டுப் போயிருந்தான். விட்டுப் போனது மட்டுமில்லை, ஒவ்வொன்றையும் துடைத்து, எண்ணெய் தடவி, இட்லித் தட்டுகளின் குழிகளில் அளவுவாரியாக அடுக்கி, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பியில் கோத்து வைத்திருந்தான்.

இருசப்பன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். "தெரிஞ்சி போச்சு மேடம். திருடன் டிபன் சாப்ட்டுட்டு வேலைய ஆரம்பிச்சிருக்கான். ஒம்பது குழி, நாலு ஆளு. ஒருத்தனுக்கு ரெண்டு, மேஸ்திரிக்கு மூணு."

இட்லித் தட்டு யாருடையது என்று பேகம் கேட்டார். திருடன் கொண்டு வந்ததாகத்தான் இருக்கும் என்றார் காசிநாதன். கப்பலில் சமையல்காரன் உண்டு, வீட்டில் கமலா உண்டு. அவர் இட்லியைப் பார்த்திருக்கிறார், அது பிறக்கிற இடத்தைப் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில் அவர் மனைவி கமலா மூன்று பேருக்கும் தட்டு கொண்டு வந்தார். தோசை. நேற்று ராத்திரியும் தோசைதான், காலையிலும் தோசைதான் என்று காசிநாதன் முணுமுணுத்தார். திங்கட்கிழமை சத்தம் ஏதாவது கேட்டதா என்று பேகம் விசாரித்ததற்கு, மாவு அரைத்துக்கொண்டிருந்தேன், கிரைண்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றார். சொல்வதற்கு முன் மூச்சை இரண்டு தவணையாக இழுத்தார்.

பேகம் தோசையைச் சாப்பிட்டு முடித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எதிர் வீட்டுக்குப் போனார்.

எதிர் வீட்டு காசிம் பீவிக்கு அந்தத் தெருவில் நடப்பது எதுவும் தப்பாது. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஒரு சின்ன லாரி வந்ததாம். நாலு ஆட்கள் ஒரு பெரிய சாமானைத் தூக்கி ஏற்றினார்களாம். சாமானுக்கு மாம்பழ மஞ்சளில் பச்சை பார்டர் போட்ட பட்டுப்புடவை சுற்றி, மேலே ஒரு முழம் கதம்பம் வைத்திருந்ததாம்.

"கல்யாண சீரு போவுதுன்னு நெனச்சேன்" என்றாள் காசிம் பீவி. "கிரைண்டரா இருக்கும். பொண்ணு கொஞ்சம் குண்டா இருக்குதேன்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரு. அவுரு கண்ணாடி போடல."

இப்போது கையில் இருந்தது ஒரே நூல், அந்தச் சாக்கு. அதில் எழுதியிருப்பது சரக்கின் பெயர் என்றார் பேகம். ஆளின் பெயர் என்றான் இருசப்பன். தைலம் என்று யாராவது பெயர் வைப்பார்களா என்று பேகம் கேட்க, என் பெயரைக் கேட்டுவிட்டு இதைக் கேட்கிறீர்களே என்றான் அவன்.

பஜாரில் அத்தரும் தைலமும் விற்கும் ஹயாத் பாஷாவிடம் போனார்கள். பாஷா சாக்குக்குள் முகத்தை நுழைத்து, கண்ணை மூடி, தொழுகைக்கு நிற்பவர் மாதிரி அசையாமல் இருந்தார். பிறகு வெளியே வந்தார். எலுமிச்சைப்புல் தைலம். கலப்படம் இல்லாதது. இந்தப் பக்கத்தில் மண்ணெண்ணெய் சேர்க்காமல் காய்ச்சி இறக்குவது ஒரே ஆள்தான், கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தாண்ட.

"பேரு?" என்றார் பேகம்.

"தைலம்மாள்."

இருசப்பன் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் காலை மலை பஸ் ஏறினார்கள். கச்சிராயபாளையத்தில் கண்டக்டர் டீ குடிக்க இறங்கினார். கடைசிப் பயணி ஏறியதும், ஆறு வருஷப் பழக்கத்தில் இருசப்பனின் நாக்கு தானாக மடிந்து விசில் அடித்துவிட்டது. டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டார். கோமுகி அணையைத் தாண்டி, முதல் கொண்டை ஊசி வளைவு வந்த பிறகுதான், டிக்கெட் கொடுக்க ஆளில்லை என்று ஒரு அம்மா சொன்னார். பஸ் ஓரம் கட்டி நின்றது. கால் மணி நேரம் கழித்து, கண்டக்டர் ஒரு கரும்பு டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து, பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். யார் விசில் அடித்தது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பேகம் ஜன்னலுக்கு வெளியே மலையின் அழகைப் பார்த்தார். இருசப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காய்ச்சல்காரன் மாதிரி முனகினான்.

வெள்ளிமலையில் இறங்கி ஒன்றரை மைல் நடந்தார்கள். வழியில் திட்டம் போட்டார்கள். சேலத்து மொத்த வியாபாரிகள், தைலம் வாங்க வந்திருக்கிறார்கள். பேகம் பேச்சுக் கொடுக்க, இருசப்பன் பின்பக்கமாகப் போய்த் தேட வேண்டும்.

எலுமிச்சைப்புல் வாசனை அவர்களை வழிகாட்டிக் கூட்டிப்போனது. சரிவில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பெரிய செம்பு அண்டா, அதன் கீழே அடுப்பு, அண்டாவின் மூக்கிலிருந்து ஒரு குழாய் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, மறுபக்கம் சொட்டுச் சொட்டாகத் தைலம் விட்டுக்கொண்டிருந்தது. புல்லை அண்டாவில் அமுக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். காதில் பென்சில் செருகியிருந்தார்.

பேகம் வணக்கம் சொல்லி, சேலத்திலிருந்து வருவதாக ஆரம்பித்தார்.

"ஒக்காருங்க" என்றார் தைலம்மாள். "கமலா வூட்டுக்காரரு அனுப்பிச்சாரா, நீங்களா வந்தீங்களா?"

அதே நேரம் கொட்டகைக்குப் பின்னால் இருசப்பனின் குரல் கேட்டது. "மன்னிச்சுக்கம்மா, நான் பாக்கல."

போய்ப் பார்த்தார்கள். அடுப்புச் சுவரின் மறுபக்கம், கதகதப்பான இடத்தில், மாம்பழ மஞ்சள் பட்டுப்புடவை போர்த்திக்கொண்டு டைனமோ உட்கார்ந்திருந்தது. இருட்டில் யாரோ பெண் குந்தியிருக்கிறாள் என்று நினைத்து இருசப்பன் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

பேகம் புடவையின் முந்தானையைத் தடவிப் பார்த்தார். "கமலாம்மாதானே அனுப்பினாங்க?"

இருசப்பன் திரும்பினான். "யாரு, தோசை போட்டாங்களே அவுங்களா?"

"இட்லிப் பானை காலியா இருந்துச்சுன்னா தோசைதான் போட முடியும்" என்றார் பேகம். "தட்டு கொட்டாயில இருந்துச்சே. போல்ட்டு தொலையக் கூடாதுன்னு நெனைக்கிற திருடன் யாரு? அந்த மெஷினு திரும்பி வந்து ஓடணும்னு நெனைக்கிற ஆளு. எனக்கு யாருன்னு நேத்தே தெரியும். எங்க, எதுக்குன்னுதான் தெரியல."

தைலம்மாள் சொல்லத் தொடங்கினார். கமலாவும் அவரும் கள்ளக்குறிச்சிப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை ஒரே பெஞ்சு. அதற்கப்புறம் தைலம்மாள் தன் அண்ணனின் மோட்டார் பட்டறையில் காயில் கட்டக் கற்றுக்கொண்டார். சங்கராபுரம் வரைக்கும் எரிந்துபோன பம்ப்செட் மோட்டார் எதுவானாலும் அந்தப் பட்டறைக்குத்தான் வரும். போர்டில் அண்ணன் பெயர், உள்ளே உட்கார்ந்து கம்பி சுற்றுவது தங்கை. பன்னிரண்டு வருஷம் அப்படி. பிறகு மலையில் தைலம் காய்ச்சுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டார். இப்போதும் கீழிருந்து மோட்டார் ஏறி வரும், தைலம் இறங்கிப் போகும்.

காசிநாதனின் டைனமோ மூன்று மாதமாகச் சுற்றுகிறதே தவிர ஒரு பொட்டு வெளிச்சம் தரவில்லை. அவர் இன்ஜின்காரர். கோளாறு இன்ஜினில்தான் இருக்க வேண்டும் என்று அதைப் பதினோரு முறை பிரித்துப் பூட்டினார். கமலா ஒரு நாள் மெதுவாக, காயில் கட்டுகிறவர்களிடம் காட்டலாமே என்றார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. பம்ப்செட் ஆளுங்க என் டைனமோ மேல கை வைக்கறதா என்று கேட்டுவிட்டுக் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டார். அவர் கடலூருக்குக் கிளம்பும் நாளைக் கமலா முன்கூட்டியே மலைக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். தெருக்காரர்கள் கல்யாணச் சீர் என்று நினைக்கட்டும் என்று தன் பட்டுப்புடவையையும் சுற்றிவிட்டார்.

"இன்னா கோளாறு?" என்று பேகம் கேட்டார்.

"ஒரு காயிலு உப்புக் காத்துல செத்துக் கெடந்துச்சு. அத்த மாத்திக் கட்டி வார்னிஷ் போட்டேன், இந்த அடுப்புச் சூட்டுல காஞ்சிக்கினு இருக்குது. அது சின்ன விஷயம்." தைலம்மாள் குரலைத் தணித்தார், கொட்டகையில் காசிநாதன் ஒளிந்திருப்பது போல. "பழைய டைனமோவுல இரும்புக்குள்ள கொஞ்சூண்டு காந்தம் தங்கி இருக்கும்மா. அதுலதான் மொதல் கரன்டு பொறக்கும். அந்தக் கரன்டு காயிலுக்குள்ள போயி காந்தத்த ஏத்தணும். அவுரு ரெண்டு ஒயர எடம் மாத்திக் கட்டி இருக்காரு. ஏத்தறதுக்குப் பதிலா அமுக்கிக்கினே இருந்திருக்குது. பாவம், அது எப்பிடி எரியும்?"

"ரெண்டே ரெண்டு ஒயரா?" என்றான் இருசப்பன்.

"ரெண்டே ரெண்டு."

இருசப்பன் டைனமோவின் மேல் புடவையை இழுத்துச் சரிசெய்தான்.

சிக்கல் இன்னும் ஒன்று இருந்தது. இருந்த காந்தமும் இப்போது செத்துவிட்டது. இன்ஜினோடு பூட்டிய பிறகு, ஒரு லாரி பேட்டரியைத் தொட்டு அதை உசுப்பிவிட வேண்டும். அதைத் தைலம்மாள்தான் செய்ய வேண்டும், அந்தக் கொட்டகையில், அந்த மனுஷனின் கண் முன்னால்.

பேகம் இதுவரை எந்த வழக்கிலும் கட்சிக்காரரிடம் பொய் சொன்னதில்லை. பொய் கேட்டே பழக்கப்பட்ட காது, சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை நடக்காது. ஒருவேளை அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சே நடக்காது. சொல்லாவிட்டால், வாங்கிய வேலைக்குத் துரோகம். திரும்பி வரும் பஸ்ஸில், வேறு கண்டக்டர் என்று உறுதி செய்துகொண்டு ஏறிய பின், பேகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொய்யை இருசப்பன் தயாரித்தான்.

சனிக்கிழமை காலை லாரி காசிநாதனின் வீட்டு வாசலில் நின்றது. புடவை போர்த்திய டைனமோவும் தைலம்மாளும் இறங்கினார்கள். இருசப்பன் நெஞ்சை நிமிர்த்தி அறிக்கை வாசித்தான். இந்த அம்மா கல்யாண சமையல் காண்டிராக்டர். வாடகை கிரைண்டரை எடுக்க அனுப்பிய ஆட்கள் தெரு மாறி வந்து, டைனமோவைக் கிரைண்டர் என்று நினைத்து எடுத்துப் போய்விட்டார்கள். தவறு நடந்துவிட்டது. அம்மா மன்னிப்புக் கேட்க நேரில் வந்திருக்கிறார்.

பேகம் வானத்தைப் பார்த்தார். கமலா புடவையைப் பார்த்தார்.

காசிநாதன் டைனமோவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு தைலம்மாளிடம், "இதுல மாவு அரைச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தேன் சார்" என்றார் தைலம்மாள். "கொஞ்சம் கறுப்பா வந்துச்சு."

"வரும்" என்றார் காசிநாதன். வேறொன்றும் கேட்கவில்லை. பரிகாரமாக நாளைக்கு வருகிறவர்களுக்குச் சமையல் செய்து தருவதாகத் தைலம்மாள் சொன்னதையும் ஒத்துக்கொண்டார்.

ஞாயிறு பதினோரு மணிக்கு வேன் வந்தது. ஆறு கிழவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். தங்கதுரையை இன்ஜினுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர் பார்ப்பதற்குப் பதிலாகக் காற்றை முகர்ந்தார். சரியான எண்ணெய்தான் என்றார்.

பாய்லரில் நீராவி ஏறியது. காசிநாதன் வால்வைத் திறந்தார். இன்ஜின் ஒரு முறை இருமி, இரண்டு முறை தும்மி, பிறகு கடகடவென்று பிடித்துக்கொண்டது. கிழவர்கள் கை தட்டினார்கள். டைனமோ சுற்றியது. பலகையில் நாலு பல்புகள் வரிசையாக இருந்தன.

ஒன்றும் எரியவில்லை.

ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம் போனது. கை தட்டியவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். காசிநாதன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இன்ஜின் பக்கம் குனிந்தார், பன்னிரண்டாவது முறையாக.

அப்போது சமையல்கார அம்மா ஒரு லாரி பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார். எல்லாரும் பார்க்க, டைனமோ பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு ஒயரைச் சீவி, விரலுக்கு இடையில் பிடித்தார். "சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா" என்றார்.

காசிநாதன் நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். பிறகு அவர் கண் அந்த அம்மாவின் கைகளில் விழுந்தது. நகக் கண்ணில் வார்னிஷ் கறை. அந்தக் கைகளுக்குப் பின்னால், டைனமோவின் முனைகளில் இரண்டு ஒயர்கள் குறுக்காக, அவர் கட்டியதற்கு நேர் எதிராக இருந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று மாதம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடி முடிவதை பேகம் கண்டார். இருசப்பன் தன் அடுத்த பொய்யைத் தயார் செய்துகொண்டு முன்னால் வர, பேகம் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

காசிநாதன் தள்ளிக்கொண்டார்.

தைலம்மாள் ஒயரைத் தொட்டு எடுத்தார். சின்னதாக ஒரு பொறி. பல்புகளுக்குள் நாலு சிவப்பு இழைகள் தெரிந்தன. சிவப்பு ஆரஞ்சானது, ஆரஞ்சு மஞ்சளானது, பிறகு கொட்டகை முழுக்க வெள்ளையாக நிறைந்தது. தங்கதுரை இரண்டு கையையும் நீட்டி, பல்பின் சூட்டைத் தேடிப் போய், முகத்தை அதற்கு நேராக வைத்துக்கொண்டார். தெரிகிறது என்றார். அதை மூன்று முறை சொன்னார்.

பிறகு, தொழில்காரர் ஆயிற்றே, கேட்டார். "இன்னா கோளாறுடா காசி?"

கமலா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காசிநாதன் மூச்சை இழுத்தார். பேகம் காதைத் தீட்டினார். ஒரே இழுப்பு, தடங்கல் இல்லை.

"நான்தான்ண்ணே ஒயர மாத்திக் கட்டிட்டேன். மூணு மாசமா இன்ஜினத் திட்டிக்கினு இருந்தேன். இந்தம்மாதான் சரி பண்ணாங்க. எங்கூட்டுக்காரிதான் அனுப்பிச்சிருக்கா."

கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதில் ஒருவர், தான் பம்பாயில் ஒரு முறை தண்ணீர்க் குழாயை எண்ணெய்த் தொட்டியில் பூட்டியதைச் சொன்னார். இன்னொருவர் அதைவிடப் பெரிதாக ஒன்று சொன்னார். ஐந்து நிமிஷத்தில் கொட்டகையில் யார் பெரிய முட்டாள் என்பதில் கடும் போட்டி நடந்துகொண்டிருந்தது. காசிநாதன் கமலாவிடம் போய் நின்றார். ஒயர் விஷயம் முன்னாலேயே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் கமலா. திட்டப் போகிறார் என்று அவர் காத்திருக்க, காசிநாதன் அந்தப் புடவையில் எண்ணெய் பட்டுவிட்டதா என்று கேட்டார். பட்டுவிட்டது என்றதும், அது எந்த எண்ணெய், எதைப் போட்டால் போகும் என்று விளக்க ஆரம்பித்தார்.

தங்கதுரை அதற்குள் எண்ணெய்க் குவளையைக் கேட்டு வாங்கிக்கொண்டு டைனமோ பக்கத்தில் நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டார். இது என் வாட்ச், என் டியூட்டி நேரம், வேலையில்லாதவன் வெளியே போகலாம் என்றார். சொந்தக்காரர் உட்பட எல்லாரும் வெளியே வந்தார்கள். நீராவி தீரும் வரை, மாலை நாலு மணி வரைக்கும், உள்ளே போக யாருக்கும் தைரியம் வரவில்லை.

மறுநாள் காசிநாதன் கையெழுத்துப் போட நிலையத்துக்கு வந்தார். வழக்குப் பதிவேட்டில் 'காணாமல் போன பொருள்', 'கண்டெடுத்த இடம்' எல்லாம் பேகம் எழுதியிருந்தார். 'குற்றவாளி' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

காசிநாதன் அதைப் படித்தார். பேனாவை வாங்கினார். அந்தக் கட்டத்தில் தன் பெயரை, செகண்ட் இன்ஜினியர் என்ற பதவியோடு, அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு, கீழே கட்சிக்காரர் கையொப்பத்தையும் போட்டார்.

"சார், நீங்களே உங்கள புடிச்சுக் குடுத்துட்டீங்க" என்றான் இருசப்பன். "அப்ப நாங்க எதுக்கு மலையேறினோம்?"

காசிநாதன் படியிறங்கிக்கொண்டே பதில் சொன்னார். "தப்ப ஒத்துக்கினு தனியா ஏர்றதுக்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருந்துச்சுப்பா."